கல்லீரலை ‘அவரு’ என்று சொன்னவர்

எங்கள் டாக்டரம்மாவைக் கல்யாண வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. ஒருமுறை கூட்டிப்போய் நான் பட்ட பாடு போதும்.

அவிநாசியில் என் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை டாக்டரம்மாவுடையது. மாப்பிள்ளையின் பெரியப்பா, கஞ்சி போட்ட வேட்டி சட்டையோடு, ஒவ்வொரு இலையாக நின்று விசாரித்துக்கொண்டு வந்தார். எங்களிடம் வந்து குனிந்து, “ஏனுங், கூச்சப்படாமச் சாப்புடுங்க. இன்னொரு லட்டு வெக்கச் சொல்லட்டுங்களா?” என்றார்.

டாக்டரம்மா லட்டைப் பார்க்கவில்லை. அந்த மனிதருடைய கண்ணைப் பார்த்தார்.

“லட்டு இருக்கட்டுங்க. உங்களுக்கு வெளிய போறது என்ன நெறத்துல போகுதுங்க?”

எதிர்வரிசையில் பாயசம் குடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் டம்ளரை அப்படியே கீழே வைத்தார். பெரியப்பா சட்டென்று நிமிர்ந்தார். “ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க” என்றபடி அடுத்த இலைக்கு நகர்ந்தார். அவர் நகர்ந்தால் இவர் விட்டுவிடுவாரா? எச்சில் கையோடு எழுந்து பின்னாலேயே போனார். “வெளுத்துப் போகுதுங்களா? களிமண்ணாட்டப் போகுதுங்களா? ஒடம்பு அரிக்குதுங்களா?” நான் தலையைக் குனிந்துகொண்டு இலையிலிருந்த அப்பளங்களை எண்ணினேன். இருந்ததே ஒரே ஒரு அப்பளம்தான்.

அடுத்த வாரம் அந்தப் பெரியப்பா எங்கள் ஆஸ்பத்திரியில்தான் படுத்திருந்தார். பித்தக் குழாயில் கல் அடைத்திருந்தது. கல்லை எடுத்தார்கள். பிறகு பித்தப்பையையும் எடுத்து, கெடாமல் இருக்க ஃபார்மலின் ஊற்றிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு எங்கள் லேபுக்கு அனுப்பினார்கள். டப்பாவின் மேல் இருந்த பெயரைப் படித்ததும் டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்தார்.

“வாங்க, வாங்க! வந்துட்டீங்களா?” என்று அந்த டப்பாவை வரவேற்றார்.

அவர் அப்படித்தான்.

கோயம்புத்தூரில் வயிறு, குடல், கல்லீரல், கணையம் இவற்றுக்கென்றே இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவர் நோய்க்குறியியல் டாக்டர். மேலே ஆபரேஷனிலும் எண்டோஸ்கோப்பியிலும் எடுக்கிற சதைத் துணுக்குகள் எல்லாம் கீழ்த்தளத்துக்கு வரும். அவற்றை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றிக் கண்ணாடிச் சில்லில் ஒட்டிக் கொடுப்பார்கள். அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து இன்ன நோய் என்று சொல்வது அவர் வேலை. அவர் சொல்லச் சொல்ல ரிப்போர்ட்டை டைப் செய்வது என் வேலை. மேலே இருக்கிற டாக்டர்களை ஊரே கும்பிடும். கீழே இருக்கிற இவரை நோயாளி ஒருவருக்கும் தெரியாது. அவர் ‘ஆமாம்’ என்றால்தான் மேலே கத்தி எடுப்பார்கள் என்பதும் தெரியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு டப்பாவை நகர்த்திக்கொண்டே, “மேடம், இந்தக் குடலை எங்க வெக்கறது?” என்று கேட்டுவிட்டேன். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“அது குடலில்லீங்க அம்மணி. ஒருத்தர். மேட்டுப்பாளையத்துல இருந்து வந்திருக்காரு. அவரை சன்னலோரமா வைங்க.”

அன்றிலிருந்து எங்கள் லேபில் எல்லா உறுப்புக்கும் மரியாதை. வயிறு ‘அவங்க’, கல்லீரல் ‘அவரு’. கேலிக்குத்தான் நாங்களும் சொல்ல ஆரம்பித்தோம். பிறகு நாக்கு பழகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு குணம் வேறு வைத்திருந்தார். இரைப்பை ரோசக்காரர், ஒரு வார்த்தை தாங்கமாட்டார், உடனே புளிப்பைக் கக்கிவிடுவார். பெருங்குடல் பொறுமைசாலி. கணையம் கூச்ச சுபாவம். “பாவமுங்க, எல்லாத்துக்கும் பொறகால ஒளிஞ்சுக்குவாரு. வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்றதுக்குள்ளயே நேரம் கடந்துபோயிருமுங்க.” இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் விளையாட்டு இருக்காது. கணையத்தின் துணுக்கு வரும் நாட்களில் அவர் மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவார். மற்ற நாட்களில், பக்கத்து அறையில் அரிசிம்பருப்புச் சாதத்தைப் பிசைந்துகொண்டே, காலையில் பார்த்த குடல்புண் எப்படி இருந்தது என்று வர்ணிப்பார். எங்களுக்குத்தான் கை வாய்க்குப் போகாது.

அவருக்கு ஆகவே ஆகாத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது ‘ஒண்ணுமில்லீங்க’. எங்கள் பக்கத்தில் வலிக்குதா என்றாலும் ஒண்ணுமில்லீங்க, ரத்தமா போகுதா என்றாலும் ஒண்ணுமில்லீங்க. கேட்கிறவருக்குச் சங்கடம் தரக் கூடாதே என்று சாகக் கிடக்கிறவர்கூட அதைத்தான் சொல்வார். “இத்தனை மரியாதையும் சேந்து ஆளைக் கொன்னுபோடுமுங்க” என்பார் டாக்டரம்மா. மைக்ராஸ்கோப்பில் ஏதாவது உறுத்தினால் கண்ணாடிச் சில்லோடு நிற்கமாட்டார். படியேறி வார்டுக்குப் போய்விடுவார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என்ன சாப்பிட்டீர்கள், எப்போது இளைத்தீர்கள், எந்த நிறத்தில் போகிறது என்று ஆரம்பித்துவிடுவார். “உங்க வேலை மைக்ராஸ்கோப்போட முடிஞ்சுதுங்களே மேடம்” என்று ஓர் அறுவை டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். “அதுல பேர் தெரியுது, மூஞ்சி தெரியலீங்களே சார்” என்று இவரும் சிரித்துக்கொண்டே சொன்னார். இரண்டு சிரிப்பும் நல்ல சிரிப்பு இல்லை.

அப்படிப் போனது ஒருமுறை வினையாகவும் முடிந்தது. பாக்கு வியாபாரி ஒருவருடைய மனைவிக்கு வயிற்றில் கட்டி. அந்த அம்மாளுக்குத் தெரியக் கூடாது என்று மகன்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்கள். கீழ்த்தளத்துக்கு மட்டும் யாரும் வந்து சொல்லவில்லை. இவர் போய், “கட்டி எத்தனை நாளா இருக்குதுங்க அம்மா?” என்று கேட்டுவிட்டார். அந்த அம்மாள் போட்ட சத்தம் படிக்கட்டு வரை கேட்டது. மகன்கள் சண்டைக்கு வந்தார்கள். இனிமேல் லேப் டாக்டர் வார்டுக்கு வரக் கூடாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அது சரியென்றுதான் நானும் நினைத்தேன். இன்றைக்கும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். டாக்டரம்மா எதிர்த்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு அவர் படியேறவும் இல்லை. சில நாள் மைக்ராஸ்கோப்பைப் பார்த்தபடியே சும்மா உட்கார்ந்திருப்பார். அந்த அம்மாளைத்தான் நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

இந்தத் தடை இருந்த காலத்தில்தான் என் அப்பாவுக்கு மஞ்சள்காமாலை வந்தது.

அப்பாவுக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் சின்ன லேத் பட்டறை. பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பார். இரும்பை வளைக்கத் தெரிந்த மனிதருக்கு ‘இல்லை’ என்கிற வார்த்தை மட்டும் வாயில் வளையாது. முடியாத ஆர்டரையும் ‘சரீங்க’ என்று வாங்கிக்கொள்வார். நோம்பி, பண்டிகை என்று கூப்பிட்ட வீட்டிலெல்லாம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார். அம்மா இருந்தவரைக்கும் திட்டித் திட்டிக் காப்பாற்றினார். அம்மா போன பிறகு கேட்பாரில்லை. அவருக்குக் குடி கிடையாது, புகை கிடையாது. சர்க்கரை மட்டும் கொஞ்சம் உண்டு.

எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தேன். கல்லீரல் டாக்டர் இளைஞர், நல்ல மனிதர். கிருமிக் காமாலை இல்லை என்று ரத்தத்தில் தெரிந்தது. அடைப்பும் இல்லை என்று ஸ்கேனில் தெரிந்தது. ஆனால் மஞ்சள் நாளுக்கு நாள் ஏறியது. “நாட்டு மருந்து ஏதாச்சும் சாப்பிட்டீங்களாய்யா?” என்று அவர் கேட்டார். அறை நிறையச் சொந்தக்காரர்கள். என் மாமியார் தினமும் காலையில் ரசம் சாதத்தோடு வந்து அப்பாவின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருப்பார். எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு அப்பா சொன்னார்: “ஒண்ணுமில்லீங்க.”

கடைசியில் கல்லீரலில் ஊசி போட்டு ஒரு துணுக்கு எடுத்தார்கள். டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, இப்படியே போனால் கல்லீரல் மாற்று பற்றி யோசிக்க வேண்டி வரும் என்றார். என்னுடையதில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

அந்தத் துணுக்கு கீழே வந்தது. எத்தனையோ பேருடைய கல்லீரலை நான் டைப் செய்திருக்கிறேன். ஃபார்மலின் டப்பாவில் இருந்த அப்பாவின் பெயரை மட்டும் மூன்று முறை படித்தேன். மறுநாள் கண்ணாடிச் சில்லு தயாரானதும் டாக்டரம்மா என் நாற்காலியைத் திருப்பி, “இன்னைக்கு நீங்க டைப் பண்ண வேண்டாமுங்க அம்மணி. சும்மா உக்காருங்க” என்றார். நெடுநேரம் பார்த்தார். எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார்.

“என்னங்க மேடம்?” என்றேன்.

“அவரு ரொம்ப அடிபட்டிருக்காருங்க. பித்தம் அங்கங்க தேங்கிக் கெடக்குது. செல்லுக நெறையச் செத்திருக்குது. ஆனா வழக்கமா இங்க வராத ரத்தச் செல்லு ஆளுக சிலர் வந்திருக்காங்க. சிவப்புச் சட்டை போட்ட மாதிரி இருப்பாங்க. மருந்தோ மாயமோ வெளிய இருந்து ஏதாச்சும் உள்ள வந்தா இவிக வந்து நிப்பாங்க. நெச்சயமாச் சொல்ல முடியாதுங்க. ஒடம்பே தன்னைத் தானே அடிச்சுக்கற சீக்குலயும் இப்படி இருக்கும். அவரைக் கேக்கோணும்.”

“அப்பாவைத்தான் எல்லாரும் கேட்டாச்சுங்களே. ஒண்ணுமில்லீன்னுதான் சொல்றாரு. நீங்களும் மேல போகக் கூடாது.”

டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “நா மேல போகக் கூடாதுன்னுதானுங்க சொன்னாங்க. அவரு கீழ வரக் கூடாதுன்னு ஆரும் சொல்லலீங்களே.”

கல்லீரல் டாக்டருக்கு ஃபோன் போட்டுக் கேட்டார். அந்த இளம் டாக்டர் சிரித்தபடி சம்மதித்தார். ஸ்கேனுக்குக் கூட்டிப்போவது மாதிரி சக்கர நாற்காலியில் அப்பாவைக் கீழே அழைத்து வந்தேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் மேலேயே நின்றுவிட்டார்கள்.

எங்களிடம் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே சமயத்தில் பார்க்கிற மைக்ராஸ்கோப் ஒன்று உண்டு. அதன் ஒரு பக்கத்தில் அப்பாவை உட்கார வைத்தார். மஞ்சள் பூத்த கண்ணை வைத்து அப்பா பார்த்தார்.

“தெரியுதுங்களா? இவருதானுங்க உங்க லிவரு.”

அப்பாவின் கை தானாகக் கும்பிட்டது. நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை.

“நல்ல மனுசருங்க இவரு. நீங்க நோம்பிக்கு நாலு ஊட்டுல சாப்புட்டப்பவும் ஒரு வார்த்தை பேசலை. இப்ப முடியாமப் படுத்துட்டாரு. அங்க பாருங்க, பச்சையாத் தேங்கி நிக்குதே, அது பித்தமுங்க. ஏனுங், மேல கேட்டவிககிட்ட எல்லாம் ஒண்ணுமில்லீன்னு சொன்னீங்க. எங்கிட்டயும் சொல்ல வேண்டாமுங்க. இவர்கிட்டச் சொல்லுங்க. என்ன சாப்புட்டீங்க?”

அப்பா நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி குனிந்துகொண்டார். அவர் என்னைப் பார்த்ததை டாக்டரம்மா கவனித்துவிட்டார்.

“அம்மணி, நீங்க போயி மூணு டீ சொல்லிப்போட்டு வாங்க.”

நான் அதுவரை அவருக்கு டீ வாங்கி வந்ததே இல்லை. போனேன். திரும்பி வந்தபோது அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேஜை மேல் ஒரு காகிதப் பொட்டலம் பிரிந்து கிடந்தது. பச்சையும் பழுப்புமாக ஏதோ பொடி. அறை முழுக்க ஒரு கசப்பு வாசம். பட்டறையில் பணம் வைப்பதற்காகப் பனியனுக்கு உள்ளே ஒரு பை தைத்துப் போட்டிருப்பார் அப்பா. பொட்டலம் அதில்தான் இருந்திருக்கிறது.

“சர்க்கரைக்குன்னு ஒருத்தர் குடுத்த பொடியுங்க” என்றார் டாக்டரம்மா. “மாசக்கணக்காச் சாப்புட்டிருக்காரு. இங்க வந்து படுத்த பொறகும் நிறுத்தலை. ஒரு நாள்கூட விடக் கூடாதுன்னு குடுத்தவிக வாக்கு வாங்கியிருக்காங்க.”

எனக்கு வந்த கோபத்தில் டீ டம்ளர்களை ஓங்கி மேஜையில் வைத்தேன். “ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டுமா? ஆருங்ப்பா குடுத்தது? பேரைச் சொல்லுங்க!”

அப்பா தரையைப் பார்த்தார். “ஆசையாக் குடுத்தாங்க கண்ணு. வேண்டாமுன்னு எப்படிச் சொல்றது?”

“அது லிவருக்கும் உங்கப்பாவுக்கும் உள்ள பேச்சுங்க. உங்களுக்கு அது வேண்டாமுங்க” என்று என்னை அடக்கினார் டாக்டரம்மா. பொட்டலத்தை மடித்துக் கல்லீரல் டாக்டரிடம் கொடுக்க எடுத்து வைத்தார். பிறகு அப்பாவிடம் திரும்பினார். “பாருங்க, லிவரு ரொம்பப் பெருந்தன்மையானவருங்க. அடிக்கறதை நிறுத்தினாப் போதும், நெறையத் தடவை தானா எந்திரிச்சுக்குவாரு. எந்திரிப்பாருன்னு நா வாக்குக் குடுக்க முடியாது. ஆனா கேட்டுப் பாக்கலாம். மருந்து எழுதறது என்னோட வேலை இல்லீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்றேன். ‘வேண்டாமுங்க’ன்னு சொல்லிப் பழகுங்க. இப்பச் சொல்லுங்க பாக்கலாம்.”

“சரீங்க” என்றார் அப்பா.

“சரீங்க இல்லீங்க. வேண்டாமுங்க.”

அப்பா மறுபடி தலையை மட்டும் ஆட்டினார். லிஃப்டில் மேலே போகும்போது மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்தார். யாரோ அவரைத் திட்டிவிட்டது போல உடனே சுற்றும் முற்றும் பார்த்தார்.

கொஞ்ச நாள் ஒன்றும் தெரியவில்லை. ரத்தம் எடுப்பார்கள், மஞ்சள் எவ்வளவு என்கிற எண் அப்படியே நிற்கும். தினமும் காலையில் நான் லேபுக்குள் நுழைந்ததும் டாக்டரம்மா, “அவரு எப்படியிருக்காருங்க?” என்று கேட்பார். முதல் நாள் நான் அப்பாவைக் கேட்கிறார் என்று நினைத்துப் பதில் சொன்னேன். “உங்கப்பா இல்லீங்க, அவரு” என்றார். பிறகு ஒரு நாள் எண் கொஞ்சம் இறங்கியது. அடுத்து இன்னும் கொஞ்சம். அரிப்பு நின்றது. கண்ணின் வெள்ளை வெள்ளையாகத் திரும்பியது. ஒரு காலையில் அப்பா தானாகவே இட்லி கேட்டார். கல்லீரல் மாற்று என்ற பேச்சை டாக்டர் மறுபடி எடுக்கவே இல்லை. அன்றைக்கும் அதே கழிப்பறைக்குப் போய்த்தான் அழுதேன்.

வீட்டுக்குப் போகும் நாளில் அப்பா நடந்தே கீழே வந்தார். வலது விலாவில் கையை வைத்துக்கொண்டு, “அவரும் நானும் நல்லாருக்கறோமுங்க” என்றார். டாக்டரம்மாவுக்கு வாயெல்லாம் சிரிப்பு. ஆனால் விட்டாரா?

“குடுத்தவிகளும் அந்தப் பொடியச் சாப்புடறாங்கன்னு சொன்னீங்களே. அவிககிட்டச் சொல்லிட்டீங்களா?”

“சொல்றனுங்க.”

“சொல்றனுங்கன்னா இன்னும் சொல்லலைன்னு அர்த்தமுங்க. ரத்தம் பாக்கச் சொல்லுங்க. உங்களுக்கு எந்திரிச்சுக்கிட்டாரு. அவிகளுக்கு எந்திரிப்பாருன்னு என்னங்க நிச்சயம்?”

அந்த மாதக் கடைசியில் டாக்டரம்மா ஓய்வு பெற்று மகளோடு இருக்க வேறு ஊருக்குப் போய்விட்டார். லேபில் பிரிவுபசாரம் வைத்தோம். நாலு வார்த்தை பேசச் சொன்னதற்கு, எங்கள் எல்லோருடைய கண்ணையும் கீழிமையை இழுத்து ஒருமுறை பார்த்துவிட்டு, நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குப் பிறகு வந்தவரும் கெட்டிக்காரர்தான். ஆனால் டப்பாவை ‘டப்பா’ என்றுதான் சொல்கிறார். எனக்கு அது இன்னும் காதில் இடிக்கிறது.

அப்பா பட்டறைக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் என் மாமியாரும் அவரைப் பார்க்கப் போயிருந்தோம். காப்பி குடித்து முடித்ததும் மாமியார் தன் பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து அப்பா முன்னால் வைத்தார்.

“புதுசா இடிச்சுக் கொண்டாந்திருக்கறனுங்க சம்பந்தி. இப்பத்தான் ஒடம்பு தேறிப்போச்சே, மறுக்கா ஆரம்பிச்சர்லாமுங்க. நானும் ஒரு நாளும் விடறதில்லை.”

மூடியைத் திறந்தார். டாக்டரம்மாவின் மேஜையில் அன்று அடித்த அதே கசப்பு வாசம்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் அப்பா ஏன் என் முகத்தைப் பார்த்தார் என்பதும் விளங்கிவிட்டது. பெண்ணைக் கொடுத்த வீட்டில் ஒரு மனக்கசப்பு வந்துவிடக் கூடாது என்று தன் கல்லீரலையே கொடுக்கப் பார்த்திருக்கிறார்.  டப்பாவைப் பிடுங்க எழுந்தேன். அதற்குள் அப்பாவின் வலது கை விலாப் பக்கம் போய் நின்றது.

“வேண்டாமுங்க சம்பந்தி” என்றார்.

 சொல்லியேவிட்டார். மாமியார் நம்பாமல் பார்த்தார்.

“எனக்கு இது ஆகலீங்க. லிவரு படுத்துட்டாரு. நீங்க ஆசையாத்தான் குடுத்தீங்க, அது எனக்குத் தெரியுமுங்க. நீங்களும் இதை நிறுத்திப்போடுங்க. நாளைக்கு ஒருக்கா ரத்தம் பாத்துர்லாமுங்க.”

மாமியாருக்கு முகம் வாடிப்போயிற்று. டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தார். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, “எனக்கென்னங்க சம்பந்தி, நா நல்லாத்தான் இருக்கறேன். எனக்கு ஒண்ணுமில்லீங்க” என்றார்.

அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் மாமியாருடைய கண்ணை உற்றுப் பார்த்தார். பிறகு, தன் வாழ்நாளில் யாரையும் ஒரு சங்கடமான கேள்வி கேட்டறியாத என் அப்பா, மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

“வெளிய போறது என்ன நெறத்துல போகுதுங்க?”

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்த முறை நான் தலையைக் குனியவில்லை.

“சொல்லுங்க அத்தை” என்றேன்.